கல்லூரிக் கட்டடத்தை விடுங்கள், வார்டைப் பாருங்கள்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. மகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். நர்சிங்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். தெரிந்தவர் ஒருவர், "மார்த்தாண்டத்தில் ஒரு வருட நர்சிங் டிப்ளமோ இருக்கிறது, செலவு குறைவு, முடித்த கையோடு வேலை" என்கிறாராம். இன்னொருவர் பெங்களூருவில் சீட் பேசித் தருகிறேன், அப்புறம் நேராக கல்ஃப் என்கிறாராம். வீட்டில் அம்மாவுக்கு வேறு பயம்: ராத்திரி டியூட்டி, நோய்த்தொற்று, ஊசியை மாற்றிப் போட்டுவிட்டால் பிள்ளை கதி என்ன?

அண்ணே, முதலில் அந்த ஒரு வருடப் படிப்பின் பேச்சை முடித்துவிடுவோம். நர்ஸ் என்ற பெயரில் வேலை பார்க்க நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு வழி விடும் படிப்புகள் மூன்றுதான்: இரண்டு வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ், மகப்பேறு உதவி), மூன்று வருட ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு டிப்ளமோ), நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங். ஒரு வருடம் படித்துவிட்டு நோயாளியைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, தள்ளுவண்டியில் ஏற்றி இறக்கும் உதவியாளர் வேலை செய்வதில் ஒரு குறைவும் இல்லை. அது இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் ஓடாது. ஆனால் அதை நர்சிங் என்று சொல்லிப் பணம் வாங்குவது ஏமாற்று. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு உங்கள் மகள் ஊசி போடும் இடத்தில் நின்றால், பிரச்சினை வரும் நாளில் சட்டமும் கைகொடுக்காது, வேலை கொடுத்த ஆஸ்பத்திரியும் கைகொடுக்காது.

உங்கள் மகள் உயிரியல் பிரிவு என்பதால் பி.எஸ்சி.க்கே முயற்சி செய்யலாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 45 சதவீதம் தேவை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 40. அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு விண்ணப்பம் வாங்கி, கலந்தாய்வு நடத்திச் சேர்க்கிறது. அதற்குக் கட்டாயம் போடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். அது கிடைக்காவிட்டால் ஜி.என்.எம். மோசமான தேர்வு இல்லை. அதை முடித்தவர்கள் பின்னால் இரண்டு வருட போஸ்ட் பேசிக் படிப்பு மூலம் பட்டம் வாங்கலாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பள்ளிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இனி எந்தக் கல்லூரி என்ற கேள்வி. பெற்றோர் பொதுவாகக் கட்டடம், ஹாஸ்டல், பஸ் வசதி, ஃபீஸ் இவற்றைத்தான் கேட்கிறார்கள். இவை எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நான் கேட்கச் சொல்வது வேறு ஒன்று: என் பிள்ளை முதல் ஊசி போடும்போது அவள் பக்கத்தில் யார் நிற்பார்கள்? கல்லூரி முதல்வரிடம் இதை நேராகக் கேளுங்கள். பதிலில் ஒரு ஆசிரியரின் பெயரும், ஒரு வார்டின் பெயரும் வந்தால் நம்பலாம். "அதெல்லாம் ஆஸ்பத்திரி ஸ்டாஃப் பார்த்துக்கொள்வார்கள்" என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நர்சிங்கைப் புத்தகத்தில் படித்தால் பாதிதான் வரும். மீதி வார்டில் வர வேண்டும். வார்டில் பயிற்சிக்கு ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. 40 பேர் சேரும் வகுப்பு என்றால் 120 கட்டில். காகிதத்தில் இருக்கும் கட்டில் வேறு, ஆள் படுத்திருக்கும் கட்டில் வேறு. அதனால் காலை பத்து மணிக்கு அந்தக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வார்டு நிறைந்திருக்கிறதா? யூனிஃபார்ம் போட்ட மாணவிகள் கட்டில் பக்கத்தில் நிற்கிறார்களா, இல்லை ரிசப்ஷனில் ஃபைல் தூக்கிக்கொண்டு திரிகிறார்களா? ராத்திரி டியூட்டிக்குச் சம்பள ஆளுக்குப் பதிலாக மாணவிகளையே நிறுத்தி வார்டை ஓட்டும் இடங்கள் இருக்கின்றன. அங்கே படிப்பும் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது.

தனியாகப் போக வேண்டாம். 1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் இது. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் என்ற சர்ஜன் நெய்யூரைப் பார்த்துவிட்டு இங்கேயே வருடக்கணக்கில் தங்கி ஆபரேஷன் செய்த ஊர். உங்கள் தெருவிலோ, கோயில், சர்ச் பழக்கத்திலோ ஓய்வு பெற்ற சிஸ்டர் ஒருவராவது இல்லாமல் இருக்க மாட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததை அவர் வாசலில் நின்றே சொல்லிவிடுவார்.

நீங்களே கவனிக்கக் கூடியவையும் உண்டு. ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போகுமுன் சிஸ்டர் கையைச் சுத்தம் செய்கிறாரா? சோப்புத் தண்ணீர் என்றால் 40 முதல் 60 விநாடி, கையில் தேய்க்கும் மருந்து என்றால் 20 முதல் 30 விநாடி வேண்டும். ஊசி போட்டபின் மூடியைத் திரும்ப மாட்டுகிறார்களா? மாட்டக் கூடாது, அப்படியே துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலத் தொட்டிகளில் அந்தந்தக் கழிவுதான் கிடக்கிறதா, எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறதா? 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் இந்த நிறப் பிரிவைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. தொட்டியைப் பார்த்தாலே அந்த ஆஸ்பத்திரியில் யாராவது கண்காணிக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

மருந்து கொடுக்கும் நேரத்தில் இன்னொன்று. நம் மாவட்டத்து வார்டில் ஒரே நேரத்தில் இரண்டு செல்வராஜ், மூன்று மேரி படுத்திருப்பது சாதாரணம். "அஞ்சாம் கட்டிலுக்கு இந்த ஊசி" என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினால், காலையில் கட்டில் மாறியிருந்தது யாருக்குத் தெரியும்? நல்ல வார்டில் சிஸ்டர் "நீங்கதானே செல்வராஜ்?" என்று கேட்க மாட்டார். அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். "உங்க பேரு என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கையில் கட்டிய பட்டையிலுள்ள எண்ணையும் கேஸ் ஷீட்டையும் ஒத்துப் பார்ப்பார். அரை நிமிட வேலை. அம்மா பயப்படும் "மாற்றிப் போட்ட ஊசி" பெரும்பாலும் அந்த அரை நிமிடத்தை விட்டுவிடும் இடத்தில்தான் நடக்கிறது.

அதே பயத்துக்கு இன்னும் சில காவல்கள் உண்டு. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற மருந்துகளை ஒருவர் எடுத்து இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அடர்த்தியான பொட்டாசியத்தை மற்ற ஆம்பூல்களோடு சேர்த்து வைக்கவே கூடாது. டாக்டர் போனில் மருந்து சொன்னால் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, சரி என்று வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்த மருந்தை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். எழுதாதது செய்யாத கணக்கில்தான் சேரும். இவற்றை முதல் வருடத்திலிருந்தே பழக்கும் இடத்தில் படித்த பெண் சுலபத்தில் தவற மாட்டாள். அப்படியும் ஒரு சறுக்கல் வந்தால் அதை எழுதிக் கொடுக்க ஒரு ஃபாரம் இருக்கிறதா, எழுதியவளைத் திட்டுவார்களா, காரணத்தைத் தேடுவார்களா என்று விசாரியுங்கள். திட்டுகிற இடத்தில் எல்லோரும் மறைப்பார்கள். மறைக்கிற இடத்தில் அடுத்த நோயாளிக்கும் அதே தவறு நடக்கும்.

உங்கள் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டப் போகிறவருக்குப் பாம்புக்கடி என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. விரியன் கடித்து ஒருவரைக் கொண்டுவந்தால் முதலில் செய்யும் சோதனைகளில் ஒன்றுக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது. இதில் நர்ஸ் தவறக்கூடிய இடங்களைப் பாருங்கள். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால், அல்லது சோப்புப் பொடி போட்டுக் கழுவியதாக இருந்தால், நல்ல ரத்தமும் உறையாமல் நின்று தப்பான முடிவைக் காட்டும். இடையில் ஆட்டிப் பார்த்தால் சோதனை கெட்டது. 20 நிமிடத்தைக் கைக்கடிகாரத்தில் பார்க்காமல் குத்துமதிப்பாக விட்டாலும் கெட்டது. அடுத்து விஷமுறிவு மருந்து ட்ரிப்பில் ஏறும்போது சிலருக்கு ஒவ்வாமை வந்து மூச்சு முட்டும், பிரஷர் இறங்கும். அதற்கு அட்ரினலின் ஊசி கட்டில் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும், தொடங்கிய நேரத்தில் நர்ஸ் அங்கிருந்து நகரக் கூடாது. டாக்டர் மருந்தை எழுதிவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விடுவார். அந்த மணி நேரம் முழுக்க உயிர் நர்ஸின் கண்ணில்தான் இருக்கிறது. உங்கள் மகள் எங்கே படிக்க வேண்டும் என்று கேட்டால், இதை ஒருவர் பக்கத்தில் நின்று செய்ய வைத்துச் சொல்லித்தரும் இடத்தில் என்பதுதான் என் பதில்.

தொற்று பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள்: பயம் நியாயம்தான், ஆனால் தடுப்பு இருக்கிறது. ஹெப்பாடிட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ், முதல் டோஸுக்கு ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. வார்டுக்கு அனுப்புமுன் கல்லூரி இதைப் போடுகிறதா என்று கேளுங்கள். போடாவிட்டால் நீங்களே போட்டுவிடுங்கள். பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. திட்டுவார்களே என்று பயந்து ராத்திரி முழுக்க வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ராத்திரி டியூட்டி இந்த வேலையில் இருக்கத்தான் செய்யும், இல்லை என்று சொல்லி ஆறுதல் தர மாட்டேன். பதிவு பெற்ற மூத்த நர்ஸ் கூட இருக்கிறாரா, ஹாஸ்டலுக்கு வண்டி உண்டா, பாலியல் புகாருக்கான உள் குழு யார் யார் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும். நோயாளியின் ஆட்கள் கைநீட்டினால் தமிழ்நாட்டில் 2008-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

பெங்களூரு விஷயம். அங்கே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் ஏஜென்ட் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பணம் கல்லூரி கணக்குக்குப் போக வேண்டும், ரசீது கல்லூரி பெயரில் வர வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில், அந்த மாநிலக் கவுன்சில் இரண்டின் பட்டியலிலும் இந்த வருடத்துக்குப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "வார்டுக்குப் போக வேண்டாம், வருகைப் பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அதை வசதியாக நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் தொழிலையே அங்கே திருடுகிறார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கல்ஃப், இங்கிலாந்து ஆசையும் இதோடு சேர்ந்ததுதான். கல்ஃப் நாடுகள் சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் கல்லூரியிலும் கவுன்சிலிலும் நேராக விசாரித்துவிட்டுத்தான் அனுமதிக்கின்றன. அப்புறம் பரீட்சை. இங்கிலாந்தில் ஆங்கிலத் தேர்வு தாண்டினாலும், பரிசோதகர் முன் கையால் செய்து காட்டும் தேர்வு இருக்கிறது. கை கழுவுவது, பெயர் கேட்டு மருந்து கொடுப்பது, எழுதிவைப்பது எல்லாவற்றுக்கும் அங்கே மார்க். வார்டைப் பார்க்காமல் படித்தவர்கள் திணறுவது அந்த இடத்தில்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இருக்கிறது, அதன் அறிவிப்புகளைப் பாருங்கள்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். தனியாரில் ஆரம்பம் கஷ்டம்தான். 50 கட்டிலுக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016-இல் பரிந்துரைத்தது. பல இடங்களில் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அது அநியாயம். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பக்கவாதம் வந்து படுத்த பாட்டியை மகள்தான் பார்த்துக்கொள்கிறாள், இத்தனை மாதத்தில் முதுகில் ஒரு புண் வரவில்லை என்று. ஆஸ்பத்திரியிலேயே தவறிப் போகிற காரியம் அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரம் படாமல் துடைத்து, ராத்திரியும் எழுந்து பார்த்தால்தான் அப்படி இருக்கும். மகளே, இதை நீ யாரும் சொல்லித்தராமலே செய்திருக்கிறாய், படிப்புக்கு நீ பொருத்தம்தானா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. எந்தக் கல்லூரி என்பதை மட்டும் அப்பாவும் நீயும் வார்டுக்குள் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். தேர்வுக்குழு விண்ணப்பம் போட்டதும், பார்த்துவந்த இடங்களின் பெயர்களோடும் மதிப்பெண் பட்டியல் நகலோடும் எழுதுங்கள், வரிசைப்படுத்தித் தருகிறேன்.