மெதுவாக நடப்போம்: தருமபுரி, கிருஷ்ணகிரி பயணிகளுக்குக் கேள்வி பதில்

கேள்வி: ஒகேனக்கல்லுக்கு அம்மாவுடன் வருகிறோம். அவருக்கு மூட்டுவலி. நடக்க இடம் உண்டா ஐயா?

பதில்: தாராளமாக வாருங்கள். காலையிலேயே, கூட்டம் சேருமுன், ஆற்றோர நீர்மருது நிழலுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். நூறு அடி போதும். உட்கார்ந்து மேலே பார்க்கட்டும். காவிரிக்கரை மரங்களில் சாம்பல் நிற அணில் வாழ்கிறது. தரைக்கு அதிகம் இறங்காது. இரண்டு மரங்களின் கிளைகள் கோத்துக்கொள்ளும் இடமாகப் பார்த்துக் கூடு கட்டும். ஆபத்து வந்தால் அடுத்த மரத்துக்குத் தாவிவிடலாம். இலைக்கொத்து அசைந்தால் பேசாமல் காத்திருங்கள். முதலில் தெரிவது வால்தான்.

கேள்வி: ஆற்றில் கால் நனைக்கலாமா?

பதில்: வேண்டாம். இங்கே ஒரு துளி மழை இல்லாத நாளிலும் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் திறந்த நீர் வந்து ஆறு உயரும். பாறை வழுக்கும். முதலையும் உண்டு. குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

கேள்வி (சேலம்): நூறு அடி வைத்து உட்காருவது நடையா? நான் தினமும் பத்தாயிரம் அடி நடப்பவன்.

பதில்: அது உடற்பயிற்சி, ஊரில் தொடருங்கள். வந்த இடத்தில் அடியை எண்ணினால் கண் கடிகாரத்தில்தான் இருக்கும்.

கேள்வி (ஓசூர்): நான் சேலத்துக்காரர் கட்சி. ராமநாயக்கன் ஏரியை முழுச்சுற்று வந்தால்தான் மனம் நிறைகிறது.

பதில்: சுற்றுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். நீர்க்காகம் மூழ்கி எழுந்து, மேடான இடத்தில் ஏறி, சிறகை விரித்துக் காயவைக்கும். அதன் இறகு நனைகிறது. அதனால்தான் எளிதாக மூழ்கி மீன் பிடிக்கிறது, அதனால்தான் வெயிலும் தேவைப்படுகிறது. விரைந்து கடப்பவருக்கு அது வெறும் கறுப்புப் பறவை. இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: பரிசல் கட்டணம் எவ்வளவு?

பதில்: பரிசல் துறையில் கேளுங்கள்.

கேள்வி: குழந்தைகள் மட்டும் கால் நனைத்தால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். குழந்தைகள் என்றால் இன்னும் கண்டிப்பாக வேண்டாம்.

கேள்வி: தளி, அஞ்செட்டி பக்கம் மாலை நடை?

பதில்: கூடாது. கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைகள் வயலுக்கு வரும். வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் வந்துவிடுங்கள். அந்தப் பக்கத்துக் காட்டில் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆனது. வனத்துறை அனுமதியின்றிச் சாலையை விட்டு இறங்காதீர்கள்.

கேள்வி: வத்தல்மலை?

பதில்: காலையில் போங்கள். காபித் தோட்டங்கள் தனியாருடையவை, கேட்டுவிட்டு நுழையுங்கள்.

கேள்வி: அருவிக்குக் கீழே கால் நனைக்க...

பதில்: வேண்டாம்.

கேள்வி (சேலம்): சரி, பத்து நிமிடம் நிற்கிறேன். கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டால் சீக்கிரம் வருமா?

பதில்: வரும், அதனால்தான் போடக்கூடாது. தன் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்துவிட்டதென்று எண்ணி, கூட்டை விட்டுவிட்டு விரட்ட வரும். அந்த நேரத்தில் முட்டைக்குக் காவல் இல்லை.