கசப்பை ஒளிக்காதீர்கள்

(நுவரெலியா ஹோட்டல் ஒன்றின் பாரில் 31 ஆண்டுகள் பானம் கலந்தவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்)

கனடாவிலிருந்து வந்த மைத்துனர் ஒரு போத்தல் பேர்பன் கொண்டுவந்தார். கடையில் பெட்டியில் விற்கும் தோடம்பழச் சாற்றில் கலந்து குடித்தோம். இருமல் மருந்து போல இருந்தது. சரியாகக் கலப்பது எப்படி ஐயா?
– வாசகர், ஹட்டன்

தம்பி, போத்தலில் பிழையில்லை. பேர்பன் இயல்பிலேயே இனிப்புப் பக்கம் சாய்ந்த விஸ்கி. அமெரிக்கச் சட்டப்படி அதன் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக் கொள்கலனில்தான் அதை ஊற வைக்க வேண்டும். வனிலா மணமும் காய்ச்சிய சீனியின் வாசனையும் அந்தக் கருகிய மரத்திலிருந்து வருபவை. அதன் மேல் சீனி சேர்த்த பெட்டிச் சாற்றை ஊற்றினால் இனிப்போடு இனிப்புத்தான் சேரும். அதை எதிர்த்து நிற்க அங்கே எதுவும் இல்லை.

பாரில் சேர்ந்த முதல் மாதம் நானும் இதையே செய்தேன். ஒரு விருந்தினர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். எங்கள் பெரியவர் என்னைத் திட்டவில்லை. மூன்று கிளாஸ்களில் பேர்பன் ஊற்றினார். முதலாவதில் தோடம்பழச் சாறு மட்டும் சேர்த்தார். இரண்டாவதில் அதோடு கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. மூன்றாவதில் இரண்டோடும் காம்பாரி என்ற சிவப்பு நிற இத்தாலியக் கசப்பு மது. ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். முதல் கிளாஸ் சப்பென்று இருந்தது. இரண்டாவது துடிப்பாக இருந்தது. மூன்றாவதில்தான் தோடம்பழத்தின் மணம் மூக்கில் ஏறியது. கசப்பு வந்த பிறகே பழம் வெளியே வந்தது. அன்று கற்றதைத்தான் இன்றுவரை எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பேர்பன் 45 மில்லி, காம்பாரி 20, புதிதாகப் பிழிந்த தோடம்பழச் சாறு 40, தேசிக்காய்ச் சாறு 10. அளவுக் கிண்ணம் இல்லையென்றால் இருமல் மருந்துப் போத்தலோடு வரும் மில்லி கோடு போட்ட சிறிய மூடியை நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் இறுக மூடக்கூடிய ஜாம் போத்தலில் ஊற்றி, வாய் வரை ஐஸ்கட்டி போட்டு, கை உறையும்வரை பன்னிரண்டு பதினைந்து விநாடி குலுக்குங்கள். வடிகட்டி ஊற்றிய பிறகு சுவைத்துப் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம். குளிர் இனிப்பை அடக்கிவிடும். ஐஸ் போடாமல் ருசி பார்த்து இனிப்பைக் குறைத்தீர்களென்றால் கடைசியில் வெறும் கசப்புத்தான் மிஞ்சும்.

தேசிக்காய் எதற்கென்று பலர் கேட்கிறார்கள். தோடம்பழச் சாற்றில் புளிப்பு நூற்றுக்கு ஒரு பங்களவுதான். தேசிக்காயில் அது ஐந்தாறு பங்கு. அந்தப் பத்து மில்லியை விட்டுவிட்டால் பானம் தூங்கிவிடும்.

கடைசியாக, தோடம்பழத் தோலில் ஒரு விரல் அகலம் சீவி, கிளாஸின் மேல் பிடித்து மடித்து நெரியுங்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் பானத்தின் மேல் விழும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. அதில் கசப்பு உண்டு, மணம் இல்லை. பதுளைப் பக்கம் கிடைக்கும் பிபிலைத் தோடம்பழம் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். இரவுக் குளிர் போதாத இடத்தில் தோல் மஞ்சளாக மாறுவதில்லை. பச்சை என்று ஒதுக்காதீர்கள், அந்தத் தோலின் வாசனைக்கு நான் அடிமை.

எங்கள் ஊரில் காம்பாரி கிடைப்பதில்லை. கொழும்பில் வாங்கவும் விலை அதிகம். தேயிலைச் சாயம் சேர்த்தால் கசப்பு வந்துவிடாதா?
– வாசகர், தலவாக்கலை

வராது. தமிழில் நமக்கு ஆறு சுவைக்கும் தனித்தனிப் பெயர் இருப்பது இந்த இடத்தில் உதவுகிறது. கடுஞ்சாயம் தருவது பெரும்பாலும் துவர்ப்பு. அது வாயை இறுக்கும். கைப்பு, அதாவது கசப்பு, வேறு. அது விழுங்கிய பின்னும் நாக்கில் தங்கி நிற்கும். இந்தப் பானத்துக்கு வேண்டியது கைப்பு.

நாரத்தங்காய்த் தோலை எடுத்துக்கொள்ளுங்கள். மலையகத்தில் ஊறுகாய் போடும் வீடுகளில் அது எப்போதும் இருக்கும். வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பச்சைத் தோலை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி, 200 மில்லி பேர்பனில் இரண்டு நாள் ஊற வையுங்கள். நாள்தோறும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, போதும் என்று பட்டவுடன் தோலை எடுத்துவிட வேண்டும். மறந்து ஒரு வாரம் விட்டால் குடிக்க முடியாது. காம்பாரியில் கசப்போடு இனிப்பும் இருப்பதால், அதற்கு ஈடாகக் கிளாஸுக்கு ஒரு தேக்கரண்டி கித்துள் பாணி சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் புகை வாசனையும் பேர்பனின் மர வாசனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல ஒட்டிக்கொள்ளும். காம்பாரியைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று இப்போது துணிந்து எழுதுகிறேன்.

கசப்பு மிஞ்சிவிட்டால் சீனி போட வேண்டாம். ஒரு சிட்டிகையில் பாதி உப்புப் போடுங்கள். கசப்பை உப்பு தணிக்கும். லயத்தில் பிள்ளைகள் புளித்த தோடஞ்சுளையை உப்பில் தொட்டுத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள்.

தென்னஞ் சாராயத்தில் இதைச் செய்யலாமா?
– வாசகர், பதுளை

செய்யலாம். நம் சாராயம் கள்ளிலிருந்து வடிப்பது. அதில் ஓக் மரத்தின் வனிலா இருக்காது. கித்துள் பாணியை அரைக் கரண்டி கூட்டுங்கள்.

வீட்டுக்கு வருபவர்களுக்கு என் கணவர் இதைக் கலந்து கொடுக்கிறார். நான் குடிப்பதில்லை. அதே சுவையில் எனக்கு ஏதாவது உண்டா அண்ணா? வேறொன்றும் கேட்க வேண்டும். தோட்டத்தில் குடியால் எத்தனை வீடுகள் அழிந்தன என்று தெரிந்தும் நீங்கள் இதை எழுதலாமா?
– வாசகி, பண்டாரவளை

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், தங்கச்சி. நான் லயத்தில் பிறந்தவன். சம்பள நாள் மாலையில் அம்மா வாசலில் உட்கார்ந்து அப்பாவுக்காகக் காத்திருந்ததைப் பார்த்தே வளர்ந்தேன். அப்பா குடித்ததில் சுவை என்று எதுவும் இருக்கவில்லை. மூக்கைப் பிடித்து ஒரே மூச்சில் இறக்குவார். இனிப்பில் ஒளித்துக் கொடுக்கும் மதுவும் அப்படித்தான் உள்ளே போகும், எவ்வளவு போனது என்று தெரியாது. 45 மில்லி பேர்பனிலேயே 18 மில்லி சுத்த மதுசாரம் இருக்கிறது. கசப்பான பானத்தை யாரும் ஒரே மூச்சில் குடிப்பதில்லை. ஒரு கிளாஸ் ஒரு மணி நேரம் நிற்கும். உங்கள் கணவரிடம் ஒருவருக்கு ஒரு கிளாஸ் என்று சொல்லுங்கள். வண்டி ஓட்டிப் போகிறவருக்கு அதுவும் வேண்டாம், எல்ல வீதியின் வளைவுகளை நீங்கள் அறிவீர்கள்.

உங்களுக்கு இது. நாரத்தைத் தோலைப் பேர்பனுக்குப் பதிலாகச் சுடு கித்துள் பாணியில் ஓர் இரவு ஊற வையுங்கள். ஆறிய கடுஞ்சாயம் 50 மில்லி, தோடம்பழச் சாறு 50, தேசிக்காய் 10, அந்தப் பாணி இரண்டு தேக்கரண்டி, உப்புத் துளி. ஐஸோடு குலுக்குங்கள். தேயிலையின் துவர்ப்பு இங்கே சரியான இடத்தில் வந்து உட்காரும், மதுவின் உறைப்பு இல்லாத குறையை அது நிரப்பிவிடும். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு என் மனைவி இதைத்தான் பெரியவர்களுக்குக் கலக்கிறாள்.

காலையில் பிழிந்து வைத்த சாறு மாலையில் கசக்கிறது. ஏன்?
– வாசகர், கொட்டகலை

விதையிலும் வெள்ளைத் தோலிலும் உள்ள ஒரு பொருள், சாற்றின் புளிப்பில் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. சில இனப் பழங்களில் இது அதிகம். அந்தக் கசப்புக்கு மணம் கிடையாது, பானத்துக்கு உதவாது. அரை மணி நேரத்துக்கு முன் பிழியுங்கள், விதையை நசுக்காதீர்கள்.