எல்லையே இல்லாத கடவுள எல்லைக்குட்பட்ட மனுஷன் ஒரு உருவத்துக்குள்ள எப்படி அடக்க முடியும்?

அடக்க முடியாதுங்க, அடக்கிட்டோம்னு நம்ம பெரியவங்க யாரும் சொன்னதும் இல்ல. வீட்ல எந்த பூஜை பண்ணாலும் முதல்ல கொஞ்சம் மஞ்சப்பொடிய தண்ணி விட்டு குழைச்சு, கூம்பா பிடிச்சு வச்சு, தலையில ஒரு அருகம்புல் சொருகி குங்குமம் வச்சா பிள்ளையார் வந்தாச்சு, ஆவாகனம் பண்ணி நைவேத்தியம் காட்டி மனசார கும்பிட்டுட்டு, முடிஞ்சதும் வடக்குப் பக்கமா லேசா நகர்த்தி வச்சு அப்புறமா தண்ணில கரைச்சிடுறோம். கடவுளையே கரைச்சிட்டோமேன்னு யாரும் பதறுறதில்ல. எல்லை மஞ்சளுக்கும் நம்ம கைக்கும்தான்னு எந்த சாஸ்திரமும் படிக்காத பாட்டிக்குக் கூட நல்லாவே தெரியும்.

சிதம்பரத்துல இத இன்னும் வெளிப்படையாவே வச்சிருக்காங்க. அது ஆகாயத் தலம், அதாவது பஞ்சபூதத்துல ஆகாயத்துக்கான சிவன் கோயில். நடராஜர் உருவம், ஸ்படிக லிங்கம் அருவுருவம், அதாவது உருவம் பாதி உருவமில்லாதது பாதி, பக்கத்துலயே திரைக்குப் பின்னாடி ரகசியம், அதுதான் அருவம், உருவமே இல்லாதது, மூணும் ஒரே சித்சபையில, அதான் அங்க கருவறை. தீட்சிதர் திரைய விலக்கி தீபாராதனை காட்டும்போது தங்க வில்வ மாலைங்க மட்டும் தொங்குறது தெரியும், வெட்டவெளிக்கே மாலை போட்டிருக்காங்க!

உருவ வழிபாடெல்லாம் ஆரம்பப் பாடம், ஞானம் வந்தா விட்டுடணும்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. ‘ஒருநாமம் ஓருருவம் ஒன்றுமில்லாற்கு ஆயிரம் திருநாமம் பாடி’ன்னு திருவாசகத்துல வருது பாருங்க, பேரும் இல்ல உருவமும் இல்லன்னு தெரிஞ்ச மாணிக்கவாசகர் வாய மூடிட்டு உக்காரல, ஆயிரம் பேர் சொல்லி பாடலாம் வாங்கன்னு கூப்பிடுறார். பொய்கையாழ்வார் இன்னும் ஒரு படி மேல போய் ‘தமர் உகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே’ங்கறார், அதாவது அடியாருக்கு எந்த உருவம் பிடிக்குதோ அதையே அவன் எடுத்துக்கறான், இறங்கி வர்ற வேலை அவனோடது.

பிறவியே வேண்டாம்னு கேக்குறதுதான் நம்ம மரபுல பழக்கம். ஆனா 7ஆம் நூற்றாண்டுல அப்பர் அதே தில்லைக் கூத்தன, அதான் சிதம்பரம் நடராஜர பாத்து, வளைஞ்ச புருவம், கொவ்வைச் செவ்வாயில குமிண் சிரிப்பு, பனித்த சடை, பவளம் மாதிரி மேனியில பால் வெண்ணீறு, தூக்கின பொற்பாதம்னு ஒவ்வொண்ணா ஆசை தீர சொல்லிட்டு, இத பாக்க கிடைக்கும்னா இந்த மனுஷப் பிறவியும் வேணும்னு கேக்குறார்.