ஐஸ் ரிங்க் கைமாறினால்: எது சிக்கனம், எது கஞ்சத்தனம்?

பிள்ளைகள் ஸ்கேட்டிங், ஹொக்கி பழகும் அரீனாவை இந்த சீசனில் புது நிர்வாகம் ஏற்று நடத்துகிறது என்று எழுதி, அங்கே கண்ட மாற்றங்களைப் பற்றிச் சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ரிங்க் பராமரிப்பு தெரிந்தவர்களின் பதில்கள் இவை.

கேள்வி: புது ஆட்கள் வந்ததிலிருந்து பனி மெத்தென்று இருக்கிறது. ஸ்கேட்டின் பிளேட் பதிந்து பள்ளம் விழுகிறது. மின்சாரச் செலவைக் குறைக்க வெப்பநிலையைக் கூட்டிவிட்டார்கள் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? (ஸ்காபரோ வாசகி)

செய்யலாம், ஆனால் அட்டவணையைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஹொக்கிக்குப் பனியின் மேற்பரப்பு மைனஸ் 5.5 முதல் மைனஸ் 4.5 செல்சியஸ் வரை இருப்பது வழக்கம். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு மைனஸ் 3.5 முதல் மைனஸ் 2.5 வரை போதும். குதித்து இறங்குகிறவருக்குப் பிளேட் கொஞ்சம் பிடிக்க வேண்டும். சனிக்கிழமைப் பொது ஸ்கேட்டிங்குக்கு மைனஸ் 3 தாராளம். ஆகவே அந்த நேரத்தில் பனி சற்று மென்மையாக இருந்தால் அது சிக்கனம். அதே பனியில் மாலையில் பெரிய பையன்களின் ஹொக்கி மேட்சை நடத்தினால்தான் கஞ்சத்தனம். கீழே இருக்கும் கொங்கிரீட் தளம் மெதுவாகத்தான் குளிரும். மேட்சுக்குச் சில மணி நேரம் முன்பே குளிரைக் கூட்டத் தொடங்காவிட்டால் பயனில்லை.

அலுவலகத்தில் கேட்கும்போது ‘எத்தனை டிகிரி’ என்று மட்டும் கேட்காதீர்கள். பனியை உறைய வைக்கத் தளத்துக்குள் குழாயில் ஓடும் உப்புக் கரைசலின் வெப்பநிலையைச் சொல்லிவிடுவார்கள். அது மைனஸ் 9 அளவில் இருக்கும், கேட்க நன்றாகவும் இருக்கும். மேற்பரப்பின் வெப்பநிலை என்ன, பனியின் தடிப்பு என்ன என்று கேளுங்கள். பனி ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் தடிப்பில் இருக்க வேண்டும். பனியே ஒரு வெப்பத்தடுப்பு என்பதால், இரண்டு அங்குலத்துக்கு வளரவிட்டால் அடியிலுள்ள குளிர் மேலே வந்து சேராது. கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், மேற்பரப்பு மட்டும் இளகியே கிடக்கும். கவனமான நிர்வாகம் வாரத்துக்கு ஒருமுறை குறித்து வைத்த இடங்களில் ட்ரில் போட்டு அளந்து பதிவேட்டில் எழுதும்.

வேறொரு காரணமும் உண்டு. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை நிறுத்திவிட்டால் காற்றிலுள்ள ஈரம் பனிமேல் படியும், கூரையிலும் வேர்க்கும். கூரையிலிருந்து சொட்டி உறைந்த சின்னக் குமிழ்கள் ஒரே வரிசையில் தெரிந்தால் வெப்பநிலையைக் குறை சொல்ல வேண்டாம், மேலே பாருங்கள்.

கேள்வி: முன்பு மணிக்கொருதரம் ஸாம்போனி (பனியைச் சீவிப் புதுப்பிக்கும் இயந்திரம்) ஓடும். இப்போது இரண்டு மணிக்கொருதரம். ஓடிய பிறகும் பனியில் கோடுகள் இருக்கின்றன. (மார்க்கம் வாசகர்)

ஒருமுறை ஓட்டுவதில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பழுது எங்கே என்று நீங்களே சொல்லிவிடலாம். இயந்திரத்தின் அடியில் ஆறடிக்கு மேல் நீளமான பிளேட் பனியை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவுகிறது. சீவிய தூளைத் திருகு உருளைகள் வாரி மேலே தொட்டிக்குள் போடுகின்றன. பிறகு கழுவும் நீர் வெடிப்புகளில் புகுந்து அழுக்கைக் கிளப்ப, அதை உறிஞ்சி எடுக்கிறார்கள். கடைசியாகப் பின்னால் இழுபடும் துணி ஏறக்குறைய 60 டிகிரி சுடுநீரை மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டு போகிறது. சுடுநீரில் கரைந்த காற்று குறைவு. பழைய பனியின் மேல்தோலைச் சற்றுக் கரைத்து அதோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். பச்சைத் தண்ணீரை நேரே ஊற்றினால் பனி வெளிறி, எளிதில் உதிரும். தண்ணீரிலுள்ள காற்றைப் பிரித்தெடுக்கும் கருவி பொருத்திக் குளிர்நீரையே பயன்படுத்தும் அரீனாக்களும் உண்டு. அது நியாயமான சேமிப்பு. கருவி எதுவும் இல்லாமல் பாய்லரை மட்டும் அணைத்தால் அது வேறு கதை.

உங்கள் கோடுகளுக்கு வருவோம். ஓட்டும் திசையிலேயே நீளமாக ஒரு கோடு தொடர்ந்தால் பிளேடின் விளிம்பு ஓரிடத்தில் உடைந்திருக்கிறது. குறுக்கே அலை அலையாக இருந்தால் பிளேட் மழுங்கியிருக்கிறது, அல்லது ஆணி தளர்ந்து அதிர்கிறது. மூலைகளில் மட்டும் ஈரம் தேங்கினால் ஓட்டுநர் திரும்பும்போது வேகத்தைக் குறைத்து, நீரைக் குறைக்க மறந்திருக்கிறார். புது ஆட்களிடம் இது சகஜம். சுவரோரம் பனி மேடாகி நடுவில் பள்ளமாக இருந்தால் ஓரம் சீவும் சிறு இயந்திரத்தை வாரக்கணக்கில் யாரும் தொடவில்லை.

நேர இடைவெளி பற்றி: பொது ஸ்கேட்டிங்கில் கூட்டம் குறைவென்றால் இரண்டு மணி பரவாயில்லை. ஹொக்கிப் பயிற்சி மாறி மாறி வந்தால் ஒவ்வொரு குழுவுக்கும் இடையே ஓட்டியே ஆக வேண்டும். ஓட்டி முடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் பூட்டி வைப்பதும் அதில் அடக்கம். நேரத்தை விற்றுவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஈரம் உறையுமுன் கதவைத் திறந்தால், முதல் ஐந்து நிமிடத்தில் விழும் பள்ளம் அந்த அமர்வு முழுதும் இருக்கும்.

கேள்வி: பயிற்சி முடிந்து வரும் இரவுகளில் மகனுக்கு இருமல். நெஞ்சு இறுகுகிறது என்கிறான். பழைய புரொப்பேன் இயந்திரத்தையே இன்னும் ஓட்டுகிறார்கள். தொடர்பு இருக்குமா? (பிரம்டன் வாசகி)

இருக்கலாம். அலட்சியம் வேண்டாம். சரியாக டியூன் செய்யாத புரொப்பேன், பெற்றோல் எஞ்சின்கள் காபன் மொனொக்சைடையும் நைதரசன் டையொக்சைடையும் கக்கும். ரிங்க்கில் குளிர்காற்று கீழே தங்கும். சுற்றிலும் பலகையும் கண்ணாடியும் நிற்பதால் புகை வெளியேறாது. உயரம் குறைந்த பிள்ளைகள்தான் அதை அதிகம் சுவாசிப்பார்கள், அதுவும் ஓடியாடி மூச்சு வாங்கும்போது. காபன் மொனொக்சைட் என்றால் தலைவலி, தலைசுற்று, வாந்தி. நைதரசன் டையொக்சைட் என்றால் இருமல், நெஞ்சு இறுக்கம். சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

மகனை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், அரீனாவுக்குப் போய் வந்த பிறகே வருகிறது என்பதைச் சொல்லுங்கள். பிறகு நிர்வாகத்திடம் மூன்றைக் கேளுங்கள்: இயந்திரம் ஓடும்போதும் அதன் பிறகும் காற்றாடிகள் ஓடுகின்றனவா, இரண்டு வாயுக்களையும் அளக்கிறார்களா, எஞ்சினை எப்போது டியூன் செய்தார்கள். காற்றாடிகளின் மின்கட்டணத்துக்குப் பயந்து காற்றோட்டத்தை நிறுத்துவது, இந்தப் பகுதிக்கு வந்த எல்லாக் குறைகளிலும் மோசமானது. பல பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் தலைவலியோ வாந்தியோ வந்தால் விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். எல்லோரும் வெளியே வந்து 911 அழையுங்கள். நிரந்தரத் தீர்வு பற்றரி இயந்திரம்தான். ஓரம் சீவும் கருவியையும் சேர்த்து மாற்ற வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: அமோனியா எச்சரிக்கைப் பலகை புதிதாக மாட்டியிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பலகைக்குப் பயப்பட வேண்டாம். கனடாவின் பல அரீனாக்களில் அமோனியாதான் உப்புக் கரைசலைக் குளிர்விக்கிறது, திறமையானது, மலிவானது. சிறிதளவு கசிந்தாலும் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். பயப்பட வேண்டியது பழைய சில்லருக்குத்தான், அதாவது அமோனியா உப்புக் கரைசலைக் குளிர்விக்கும் கலனுக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி நகரில் 2017 ஒக்டோபரில் மூன்று பேர் இறந்தது, தேய்ந்துபோன சில்லரின் குழாய் ஒன்றில் துளை விழுந்து அமோனியா உப்புக் கரைசலுக்குள் கலந்ததால். அந்தக் கசிவு சில மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் சில்லரைத் திரும்ப ஓடவிட்டார்கள். எனவே கேட்க வேண்டியவை: சில்லருக்கு வயதென்ன, கரைசலில் அமோனியா கலந்திருக்கிறதா என்று எப்போது கடைசியாகச் சோதித்தார்கள். மூக்கில் நெடி ஏறினால் ஸ்கேட்டைக் கழற்ற நில்லாமல் வெளியேறுங்கள்.

கேள்வி: கட்டணத்தைக் கூட்டிவிட்டு, கூரைக்கு வெள்ளித் துணி மாட்டுகிறார்கள். வீண் ஆடம்பரமா?

அல்ல. கூரை தன் வெப்பத்தைக் கதிராகப் பனிமேல் இறக்குகிறது. பனிக்கு வந்து சேரும் வெப்பத்தில் கணிசமான பங்கு அது. அந்தப் பளபளப்பான துணி வெப்பத்தைக் கீழே விடாது, கூரை வேர்த்துச் சொட்டுவதும் குறையும். இந்தச் செலவுக்குக் கட்டணம் ஏறியிருந்தால் நாங்கள் நிர்வாகத்தின் பக்கம்.

கேள்வி: ஸ்கேட் தீட்டும் கடையும் கைமாறிவிட்டது. தீட்டிய பிறகு மகள் ஒரு பக்கமாகவே வழுக்குகிறாள்.

பிளேடின் இரு விளிம்புகளும் சமமில்லை. ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, பிளேடின் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். நாணயம் பிளேடுக்குச் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்தால் திருப்பிக் கொடுத்து இலவசமாகச் செய்யச் சொல்லுங்கள். கொடுக்கும்போதே, பிளேடின் அடியில் இரு விளிம்புக்கும் நடுவே தீட்டும் பள்ளத்தின் ஆரம் அரை அங்குலம் என்று சொல்லிவிடுங்கள்; பழகும் பிள்ளைக்கு அது பொருந்தும். எடை குறைந்த பிள்ளை வளைவில் வழுக்கினால் எட்டில் மூன்று அங்குல ஆரம் கூடுதல் பிடிப்புக் கொடுக்கும், ஆனால் நிறுத்தக் கஷ்டப்படுவாள். ஃபிகர் ஸ்கேட் என்றால் பிளேடின் முனையிலுள்ள முன்பற்களைத் தொடவே கூடாது என்று தனியே சொல்ல வேண்டும். அவசரக்காரர்கள் கீழ்ப்பல்லைத் தேய்த்துவிட்டால் பிளேடே பாழ். பத்து முதல் இருபது மணி நேர ஸ்கேட்டிங்குக்கு ஒருமுறை தீட்டினால் போதும். கொங்கிரீட்டில் பிளேடோடு நடந்தால் அதற்கு முன்பே மழுங்கும். வீட்டுக்கு வந்ததும் துடைத்துத் துணியுறை போடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு.

கேள்வி: ஏப்ரலில் பனியை எடுத்துவிடப் போகிறார்களாம். கோடையில் பயிற்சி இல்லையா?

தளத்துக்கு அடியில் சூடாக்கும் குழாய் இல்லாத பழைய கட்டடமாக இருந்தால் எடுப்பதுதான் சரி. வருடம் முழுதும் உறைய வைத்தால் கீழே மண்ணிலுள்ள ஈரமும் உறைந்து உப்பி, கொங்கிரீட்டை மேலே தள்ளி வெடிக்க வைக்கும். திரும்பப் பனி போடுவதும் சின்ன வேலையல்ல. 200 அடிக்கு 85 அடித் தளத்தில் ஒரு அங்குலம் என்றால் ஏறக்குறைய 40,000 லீற்றர் நீர், அதையும் மெல்லிய படலங்களாகத் தெளித்து, இடையில் வெள்ளை வண்ணமும் கோடுகளும் பூசி மூட வேண்டும். செப்டெம்பரில் எந்தத் தேதியில் திறக்கிறார்கள் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.