புரதம் சிதைந்தால்தான் செய்தி போய்ச் சேரும்

கேள்வி: என் அப்பச்சிக்கு மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். வாரம் ஒரு முறை போர்டிசோமிப் ஊசி போடுகிறார்கள். செல்லுக்குள் புரதங்கள் சிதைவதை இம்மருந்து தடுக்கும் என்றும், எதிர்ப்புச் சக்தி குறைந்து அக்கி வரலாம் என்பதால் அசைக்ளோவிர் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். கழிவகற்றும் வேலை நின்றால் எதிர்ப்புச் சக்தி ஏன் குறைய வேண்டும்?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: தங்கள் கேள்வியிலேயே விடைக்கான வழி இருக்கிறது. புரதச் சிதைவு வெறும் கழிவகற்றல் அன்று. செல்லுக்குள் ஒரு செய்தி நகர்வதற்கும் நிற்பதற்கும் குறிப்பிட்ட புரதம் குறிப்பிட்ட நேரத்தில் அழிந்தாக வேண்டும்.

அழிய வேண்டிய புரதத்தின் மீது, 76 அமினோ அமிலங்களால் ஆன யுபிகுவிட்டின் என்னும் சிறு புரதம் சங்கிலியாகக் கோக்கப்படுகிறது. பழைய வளவு வீட்டைப் பிரிக்கும்போது கழற்ற வேண்டிய உத்திரத்தில் சுண்ணாம்புக் குறி இடுவது போன்றது இது. குறி விழுந்த புரதத்தைப் பீப்பாய் வடிவிலான புரோட்டியசோம் உள்ளிழுத்து நறுக்கிவிடும். இம்முறையைக் கண்டறிந்ததற்காக ஆரன் சீஹனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவரும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

இனி, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு வகைகளுள் ஒன்றான டி செல்லுக்கு வருவோம். அதன் மேற்பரப்பில் செய்தியை வாங்கும் புரதமான ஏற்பி கிருமியின் துணுக்கை இனங்கண்டதும், அச்செய்தியை உட்கருவுக்குக் கொண்டு செல்ல வேண்டிய என்.எஃப். கப்பா பி என்னும் புரதம் உடனே புறப்பட முடியாது. ஐ கப்பா பி என்னும் மற்றொரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஏற்பியின் சமிக்ஞையால் ஐ கப்பா பி மீது குறி விழுந்து, புரோட்டியசோம் அதை அழித்த பிறகே, என்.எஃப். கப்பா பி விடுபட்டு உட்கருவினுள் சென்று, போராடத் தேவையான மரபணுக்களை இயக்குகிறது. தங்கள் அப்பச்சிக்குப் போடப்படும் மருந்து இந்தப் புரோட்டியசோமையே தடுப்பதால், செய்தி பாதி வழியில் தேங்கிவிடுகிறது.

பாதிப்பு அதோடு நிற்பதில்லை. வைரஸ் புகுந்த செல், அந்த வைரஸின் புரதத்தை நறுக்கிய துண்டுகளைத் தன் மேற்பரப்பில் காட்டினால்தான் கொல்லும் டி செல்கள் அதை அடையாளம் காண முடியும். அத்துண்டுகளில் பெரும்பாலானவற்றை நறுக்கித் தருவதும் புரோட்டியசோம்தான். சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுவதும் உறங்குவது. காவல் தளர்ந்தால் அக்கியாக எழும்.

ஏற்பியின் செய்தியை நிறுத்துவதிலும் சிதைவுக்குப் பங்குண்டு என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வேலை முடிந்த ஏற்பிகள் குறியிடப்பட்டு, உள்ளிழுக்கப்பட்டு, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் செரிக்கப்படுகின்றன. குறியிடும் புரதங்களுள் ஒன்றான சிபிஎல்-பி இல்லாத எலிகளில், டி செல்கள் வழக்கமாக வேண்டிய இரண்டாவது சமிக்ஞை இல்லாமலே கிளர்ந்து, சொந்த உடலையே தாக்கும் இயல்பைப் பெற்றன.

மைலோமா செல்கள் ஓயாமல் புரதம் உற்பத்தி செய்பவை. சிதைவு நின்றால் பழுதான புரதங்கள் அவற்றுள் குவிந்து அவை மடிகின்றன. ஆகவே ஊசி அவசியம், மாத்திரையும் அவசியம். கொப்புளம் தெரிவதற்கு முன்பே உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக எரிச்சலோ வலியோ தோன்றினால், அடுத்த ஊசி நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.