ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்றால் என் வலி பொய்யா?

பொய் இல்லை. வலிக்கிறது என்று நீங்கள் சொன்னால் வலிக்கிறது. அதற்கு ஸ்கேன் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. எட்டு மாத இடுப்பு வலி, கழுத்தில் சொடக்குச் சத்தம், வைட்டமின் குறைவோ என்ற சந்தேகம் என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது கடைசி வரியைத்தான்: "எல்லாம் மனசுதான் என்கிறார்கள் வீட்டில், எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது."

1995-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த குறிப்பு இது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி பூட்ஸைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஆணி லேசாக அசைந்தாலே துடித்தார். வலிமறக்க மருந்து கொடுத்துத்தான் அதை உருவினார்கள். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், ஆணி விரல்களுக்கு இடையில் போயிருக்கிறது, காயமே இல்லை. அவர் நடிக்கவில்லை. ஆபத்து என்று மூளை முடிவுகட்டியது, வலித்தது. இரண்டாம் உலகப் போரில் இதற்கு நேர்மாறாக, பலத்த காயத்தோடு வந்த வீரர்கள் பலர் வலிமருந்தே வேண்டாம் என்றார்கள்.

அடிபட்ட இடத்திலிருந்து கிளம்பும் செய்தி நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை. தண்டுவடத்திலேயே அதைக் கூட்டவும் குறைக்கவும் வழி உண்டு. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு வலி ஆய்வாளர்கள் இதை ஒரு கதவுக்கு ஒப்பிட்டார்கள். இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்தால் வலி குறைகிறதே, அது இதனால்தான். பயமும் தூக்கமின்மையும் அந்தக் கதவை அகலத் திறந்துவிடும். வலி மூன்று மாதத்தைத் தாண்டி நீடித்தால் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடலாம். அப்புறம் சும்மா குனிந்தால்கூட வலிக்கும். மனசுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் கற்பனை என்பது வேறு. இந்தப் பத்தியை வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் தட்டு) பிதுங்கியிருப்பதால் கால் விழுந்துவிடும் என்று இணையத்தில் படித்தீர்களாம். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும், 50 வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் நரம்பு நசுங்கவில்லை என்று தெளிவாக இருக்கிறது. தயவுசெய்து தேடுவதை நிறுத்துங்கள். கழுத்துச் சொடக்கு வலிக்காதவரை ஒன்றுமில்லை. வைட்டமினை ரத்தப் பரிசோதனை செய்யாமல் விழுங்க வேண்டாம்.

நீங்கள் எழுதாத ஒன்றைத்தான் நான் கேட்க வேண்டும். பிறப்புறுப்பைச் சுற்றியோ, உட்காரும்போது இருக்கையில் படும் இடத்திலோ மரத்துப்போகிறதா? சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தும் போக முடியவில்லையா, அல்லது தெரியாமலே கசிகிறதா? மலம் அடங்கவில்லையா? இதில் ஒன்று புதிதாக வந்தாலும், நடுராத்திரியானாலும், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடத்துக்குக் கீழே கொத்தாக இறங்கும் நரம்புகள் நசுங்குகின்றன என்று அதற்கு அர்த்தம் இருக்கலாம். காலையில் பார்க்கலாம் என்று விட்டால் அந்த உணர்வு திரும்பாமலே போகலாம். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டைக்ளோஃபெனாக் என்ற வலிமாத்திரையை மூன்று மாதமாக நீங்களே வாங்கித் தினமும் போடுவதுதான் எனக்குக் கோபம். இரைப்பையில் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் அதனால் வரலாம். உங்களைப் போல நீடித்த வலிக்கு அது தரும் பலனும் குறைவு. வலி அதிகமாகாத அளவுக்கு மட்டும், பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம், தினமும் நடங்கள். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். நடக்கும்போது லேசாக வலித்தால் எதுவும் கிழியவில்லை, பயப்படாதீர்கள். வலி குறைந்த நாளில் விட்ட வேலையெல்லாம் சேர்த்துச் செய்துவிடாதீர்கள். மறுநாள் படுக்க வேண்டிவரும். ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தால் இன்னும் நல்லது.

இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போய்ச் சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை போட்டீர்கள் என்பதை அவரிடம் மறைக்க வேண்டாம்.