“எங்களுக்கு நஷ்டம் சார்!”: கார் ஷோரூம் கேள்வி-பதில்

கேள்வி: புது கார் வாங்கப் போன இடத்தில் இன்னும் கொஞ்சம் விலையைக் குறைக்கச் சொன்னேன். மேனேஜர், கம்பெனி தங்களுக்குப் போட்ட இன்வாய்ஸையே எடுத்துக் காட்டி, “இதற்குக் கீழே போனால் எங்களுக்கு நஷ்டம்” என்கிறார். நஷ்டத்துக்கு யாராவது வியாபாரம் செய்வார்களா?

பதில்: செய்வார்கள், சில நாட்களில். அவர் காட்டிய தாளும் போலியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் டீலருக்கு வரும் பணம் எல்லாம் அந்தத் தாளில் இருக்காது.

வண்டி விற்ற பிறகு கம்பெனியிடமிருந்து டீலருக்குத் திரும்பி வரும் தொகை ஒன்று உண்டு. அமெரிக்காவில் இதை ‘ஹோல்ட்பேக்’ என்பார்கள். அங்கே பல கம்பெனிகள் விலையில் 1 முதல் 3 சதவீதம் வரை இப்படித் தருகின்றன. அதற்கு மேல் டார்கெட் போனஸ். மாதத்துக்கோ காலாண்டுக்கோ இத்தனை வண்டி விற்றால் இவ்வளவு என்று கணக்கு. சில திட்டங்களில், எண்ணிக்கையைத் தொட்டுவிட்டால் அதுவரை விற்ற எல்லா வண்டிக்கும் சேர்த்துப் போனஸ் கிடைக்கும். இன்னும் ஒரே ஒரு வண்டிதான் பாக்கி என்ற நிலையில் இருக்கும் டீலர், அந்த ஒன்றை நஷ்டத்துக்குக் கொடுத்தாலும் லாபத்தில்தான் இருப்பார். மாதக் கடைசியில் பேரம் படிகிறது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர் டார்கெட்டை ஏற்கெனவே முடித்துவிட்டாரா, எட்டவே முடியாத தூரத்தில் இருக்கிறாரா என்பது மட்டும் நமக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஷோரூமிலும் யார்டிலும் நிற்கும் வண்டிகளைப் பெரும்பாலும் டீலர் கடனில்தான் எடுத்திருப்பார். விற்கும்வரை வட்டி ஓடும். அதனால் எல்லோரும் கேட்கும் நிறத்தை விட்டுவிட்டு, “நாள்பட்ட ஸ்டாக் எது?” என்று கேளுங்கள், பேச்சின் தொனியே மாறும். தயாரித்த மாதம், வருடம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். புக் செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய மாடல் என்றால் இந்த வித்தை எதுவும் பலிக்காது.

கேள்வி: எந்த ஷோரூமுக்குப் போனாலும், “மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். நம் வசதிக்காகக் கேட்பதுபோலத் தோன்றும். பேரத்தில் அதைவிடப் பெரிய சறுக்கல் இல்லை.

மாதத் தவணையைச் சொல்லிவிட்டால், வண்டி விலை, முன்பணம், வட்டி, கடன் காலம் நான்கும் அவர் கைக்குப் போய்விடும். நீங்கள் சொன்ன தவணைக்குள்ளேயே கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி, விலை உயர்ந்த வேரியண்ட் எல்லாவற்றையும் நுழைத்துவிடலாம். ஐந்து வருடக் கடனை ஏழு வருடமாக நீட்டினால் போதும்.

வட்டியிலும் ஷோரூமுக்குப் பங்கு உண்டு. கடன் நிறுவனம் 9 சதவீதத்துக்குத் தரத் தயாராக இருக்கும். உங்களிடம் 11 என்று சொல்லப்படும். வித்தியாசத்தில் ஒரு பகுதி கமிஷன். 100 ரூபாய் கடன் வாங்கி 60 மாதத்தில் அடைப்பதாக வையுங்கள். 9 சதவீதத்தில் மொத்தம் சுமார் 124.50 கட்டுவீர்கள், 11 சதவீதத்தில் 130.50. மாதத்துக்குப் பார்த்தால் பத்துப் பைசா வித்தியாசம், கண்ணில் படாது. வாங்கிய கடனில் 6 சதவீதம் போயிருக்கும். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய டிஸ்கவுண்ட்கூட அவ்வளவு இருந்திருக்காது! வட்டியை ஏற்றி அதற்கேற்பக் கமிஷன் வாங்கும் இந்த முறையைப் பிரிட்டனில் 2021 ஜனவரியில் தடை செய்தார்கள்.

முதலில் உங்கள் வங்கியில் வட்டி விகிதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிடக் குறைவாக ஷோரூம் தந்தால் தாராளமாக எடுக்கலாம். சில நேரம் கம்பெனியே வட்டியைக் குறைத்து சலுகை விடுவதுண்டு. அப்போதும், “ரொக்கமாகத் தந்தால் கூடுதல் டிஸ்கவுண்ட் உண்டா?” என்று கேட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். குறைந்த வட்டியை எடுத்தால் ரொக்கச் சலுகை போய்விடும் என்பதைப் பல இடங்களில் வாய் திறந்து சொல்வதில்லை.

கேள்வி: பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால், வெளியில் கேட்டதைவிட நல்ல விலை தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: பழைய காருக்கு ஏற்றிக் கொடுப்பதைப் புது காரின் டிஸ்கவுண்டில் இறக்கிவிடுவார்கள். பழைய காரைப் பற்றி வாயே திறக்காமல் புது காருக்குக் கொட்டேஷன் வாங்குங்கள். பிறகு எக்ஸ்சேஞ்ச் பேசுங்கள். இப்போது நீங்கள் கையிலிருந்து தர வேண்டிய தொகை எவ்வளவு குறைந்தது? அதுதான் உங்கள் பழைய காருக்கு அவர்கள் கொடுத்த விலை. பழைய காரில் லாபம் பெரும்பாலும் புது காரைவிட அதிகம். விலையை ஒப்பிட்டுப் பார்க்க அச்சடித்த பட்டியல் கிடையாதே.

கேள்வி: பெயிண்ட் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி... எதை எடுப்பது?

பதில்: கோட்டிங்குகளை விடுங்கள், வேண்டுமென்றால் பிறகு வெளியில் போட்டுக்கொள்ளலாம். வாரண்டி நீட்டிப்பு மின்னணு சாதனங்கள் நிறைந்த வண்டிக்கு உதவலாம். ஆனால் அன்றைக்கே கையெழுத்துப் போட அவசரம் இல்லை. பெரும்பாலும் முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்க முடியும். இன்சூரன்ஸுக்கும் வெளியில் ஒரு கொட்டேஷன் வாங்குங்கள். இவை எல்லாம் விலை பேசி முடித்து, நீங்கள் களைத்துப்போன நேரத்தில் வருவது தற்செயல் அல்ல.

கேள்வி: வெளியில் சர்வீஸ் விட்டால் வாரண்டி போய்விடும் என்கிறார்களே?

பதில்: டீலரின் நிலையான வருமானமே சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும்தான், அதனால் அப்படித்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளியில் பராமரித்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. எல்லா நாட்டிலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. வாரண்டிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கே விட்டாலும் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: டெலிவரி கொடுக்கும்போது, “கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்குப் பத்து போடுங்க சார்” என்று சேல்ஸ் தம்பி கெஞ்சுகிறார். ஏன் இவ்வளவு கவலை?

பதில்: அந்த மதிப்பெண்ணைப் பொறுத்து டீலருக்குப் போனஸ் உண்டு, பல இடங்களில் அந்தத் தம்பியின் ஊக்கத்தொகையும் அதில் மாட்டியிருக்கிறது. ஒன்பது போட்டால்கூடக் குறையாக எடுத்துக்கொள்ளும் கம்பெனிகள் இருக்கின்றன. நல்லபடியாக நடந்துகொண்டவருக்குத் தாராளமாகப் போடுங்கள், அவர் சம்பளத்தில் நம் பங்கு. ஆனால் கதவில் கீறல், தருவதாகச் சொன்ன மிதியடி வரவில்லை என்று பாக்கி இருந்தால், அதெல்லாம் கைக்கு வரும்வரை அந்தப் போனுக்கு, “பிறகு பேசுகிறேன்” என்று சொல்லி வையுங்கள்.